ஜெனிற்றா எழுதித் தந்த துண்டு

என் வலது கையின் சுட்டுவிரல் இப்போது பாதிதான் இருக்கிறது. பேனாவைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து எழுதப் பழகிக்கொண்டு வருகிறேன். படித்ததும் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆஸ்பத்திரியில் பட்டதைப் பங்கு மடலுக்கு எழுதித் தாருங்கள் என்று எங்கள் பங்குச் சுவாமி கேட்டபோது, "எனக்கு எழுத வராது சுவாமி" என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு ஏலாது. கோவிலில்கூட ஆமென் என்று உதட்டுக்குள்தான் சொல்கிறவள். எழுதுவதென்றால் ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தைக் கடைசியில்தான் சொல்லுவேன். முதலிலேயே சொல்லத் துணிவு வரவில்லை.

என் பெயர் பிலோமினா. குருநகரில் கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறேன். கணவர் காலமாகிப் பத்து வருடம். பிள்ளைகள் இல்லை. கணவரின் தங்கை திரேசா மச்சாள்தான் அடுத்த வீடு, எனக்கு எல்லாம் அவள்தான். நான் மீன் வெட்டிக் கருவாடு போடுகிறவள். மீன் வெட்டுகிற கைக்குக் காயம் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஏறியது கெளிற்று மீனின் முள். சுட்டுவிரலின் நடு மூட்டில் எலும்பு வரைக்கும் போய்க் குத்தியது. சுடுதண்ணீரில் கையை வைத்தேன், கடுப்பு அடங்கியது. அடுத்த நாள் விரல் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னிடம் துண்டு இருந்தது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் எதிர் வீட்டுப் பிள்ளை ஜெனிற்றா. தகப்பன் கடலுக்குப் போகிறவர். எங்கள் ஒழுங்கையிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். அவளுக்கு அனுமதி கிடைத்த அன்று வெடி கொளுத்தினோம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு எனக்குச் சலம் போகும்போது கடுத்துக் காய்ச்சலும் வந்தது. ஆம்பிளை டொக்டரிடம் அதைச் சொல்ல வெட்கம். ஜெனிற்றாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அப்போது இரண்டாம் வருடம்.

"நான் இன்னும் டொக்டர் இல்லைப் பெரியம்மா. நான் எழுதக் கூடாது" என்றாள்.

"நீ எழுதாட்டி நான் ஒருத்தரிட்டையும் போகமாட்டன் பிள்ளை. கிடந்து சாவன்" என்றேன்.

நான் அப்படிப் பிடிவாதமாகக் கதைத்தது என் வாழ்க்கையில் அது ஒரு தரம்தான் இருக்கும். அவள் கொப்பியில் ஒரு மூலையைக் கிழித்து மருந்தின் பெயரை எழுதித் தந்தாள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இந்த மடலையும் யாராவது வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

ரவுணில் ஒரு மருந்துக் கடையில் தந்தார்கள். இரண்டாம் நாளே சுகம். மிச்சக் குளிசையைப் பிஸ்கட் பேணியில் போட்டேன், துண்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு இருமலென்றாலும் அதுதான், பல்லுக் கடுத்தாலும் அதுதான். இரண்டு நாள் போடுவேன், சுகம் வந்தால் நிறுத்துவேன். சுகம் வந்த பிறகும் மருந்து விழுங்குவது வீண் என்று நினைத்தேன். திரேசா மச்சாள் காது வலிக்குத் துண்டை வாங்கிக்கொண்டு போனாள். அவளிடமிருந்து மூலை வீட்டுக்குப் போனது. "ஜெனிற்றான்ரை துண்டு" என்றுதான் ஒழுங்கையில் அதற்குப் பெயர். யாரும் கேட்டு வந்தால் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மறைக்கவில்லை. ஒதுங்கியே இருந்தவளை நாலு பேர் தேடி வருகிறார்கள் என்ற பெருமை.

கெளிற்று முள்ளுக்கும் அதே மருந்தைப் போட்டேன். இரண்டு நாள் போட வீக்கம் வற்றியது, நிறுத்தினேன். திரும்ப வீங்கியது, திரும்பப் போட்டேன். ஒரே மாதத்தில் மூன்று தரம். மூன்றாம் தரம் வீக்கம் வற்றவில்லை. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, கையின் பின்பக்கமும் பொங்கி, நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தது. திரேசா மச்சாள் ஓட்டோ பிடித்து ஏற்றினாள்.

சத்திரசிகிச்சை வாட்டில் சன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. கையில் ஊசி ஏற்றுகிற குழாய் குத்தினார்கள். விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். அந்தச் சீழை ஒரு தட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். என்ன கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று அதில் தெரியும். மறுமொழி வர மூன்று நாளாவது செல்லும். அதுவரைக்கும் வழக்கமான மருந்து ஒன்றை ஏற்றுவார்கள்.

அன்று மத்தியானம் ஒரு மருத்துவ மாணவி என் கட்டிலுக்கு வந்தாள். தலையை மூடிய முஸ்லிம் பிள்ளை, பெயர் பஸ்லா. புத்தளத்தில் வளர்ந்தவள். அவளுடைய வாப்பாவின் குடும்பம் யாழ்ப்பாண ரவுணிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு வெளியேற்றப்பட்டவர்களாம். "எங்க வாப்பா பொறந்த ஊருக்குப் படிக்க வந்திருக்கேன் அம்மா" என்றாள். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு மாணவர் விசாரித்து எழுதவேண்டும், என்னை எழுதுவது இவள். முள் குத்தின நாள், சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதா, எல்லாம் பதறாமல் கேட்டாள். சீனி இருக்கிறது, சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு வர முந்தி வேற மருந்து ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"இல்லைப் பிள்ளை."

"கடையில வாங்கி? வீட்டில இருந்தது? யாரும் தந்தது?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஏச மாட்டேன்."

"ஒண்டும் போடேல்லைப் பிள்ளை."

மூன்று தரம் கேட்டாள், மூன்று தரம் இல்லை என்றேன். வேதாகமத்தில் ஆண்டவரை மூன்று தரம் தெரியாதென்ற சீடர் மாதிரி, கோழி கூவாததுதான் குறை. துண்டென்று வாய் திறந்தால் எழுதினது யார் என்று கேட்பார்கள், ஜெனிற்றாவின் படிப்பு போய்விடும் என்று பயந்தேன். அது உண்மையான பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

மூன்று நாள் மருந்து ஏறியது. கை வற்றவில்லை. காய்ச்சல் விடவில்லை. திரேசா மச்சாள் காலையும் பின்னேரமும் வந்தாள். எனக்கு வலது கை ஏலாததால் தலை சீவிப் பின்னி விடுவாள். இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து ஊட்டுவாள்.

"வாயைத் திற மச்சாள். கலியாணத்தண்டு என்ரை அண்ணைகூட உனக்கு இப்பிடி ஊட்டேல்லை" என்று பெலத்துச் சொல்லுவாள். பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் சிரிக்கும்.

"மெல்லக் கதை."

"ஏன், என்ரை அண்ணைதானே?"

பிறகு என் காதுக்குள், "துண்டைப் பற்றிச் சொன்னனியே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"சொல்லாதை. பிள்ளைக்குக் கரைச்சல்."

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் ஜெனிற்றா வந்தாள். வெள்ளைக் கோட்டோடு. அவள் இப்போது நாலாம் வருடம், குழந்தைகள் வாட்டில் பழகுகிறாள். கட்டில் கால்மாட்டில் தொங்கிய, என் நோய் விபரம் எழுதின ரிக்கற்றை எடுத்து வாசித்தாள். முன்பு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று அதில் பஸ்லாவின் எழுத்தில் இருக்கும். ஜெனிற்றாவின் கண் அந்த இடத்தில் நின்றது. நான் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் ரிக்கற்றைத் திரும்பக் கொழுவிவிட்டாள்.

"தேத்தண்ணி குடிச்சீங்களோ பெரியம்மா?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

தலையணையைச் சரிப்படுத்தினாள். போய்விட்டாள். அவள் சொல்லவேண்டும் என்று நானும், நான் சொல்லவேண்டும் என்று அவளும் இருந்தோம்.

அடுத்த நாள் சீழின் மறுமொழி வந்தது. பெரிய டொக்டர் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு என் கட்டிலைச் சுற்றி நின்றார். நல்ல மனிசர், ஆனால் கண்ணாடிக்கு மேலால்தான் பார்ப்பார்.

"இந்தக் கிருமி மூண்டு மருந்துக்குச் சாகுதில்லை. நாங்கள் ஏத்தின மருந்தும் அதுக்குள்ள ஒண்டு. இதுக்கு முதல் அன்ரிபயோற்றிக் ஒண்டும் எடுக்கேல்லை எண்டு எழுதினது ஆர்?"

"நான் சேர்" என்றாள் பஸ்லா.

"கேட்டு எழுதினீரோ, கேக்காமல் எழுதினீரோ?"

"கேட்டேன் சேர். மூணு தரம் கேட்டேன்."

"கிருமி புத்தகம் படிச்சுப் பழகாது. மருந்தைக் கண்டுதான் பழகும். இந்த அம்மா முதலே போட்டிருக்கிறா எண்டு தெரிஞ்சிருந்தால் முதல் நாளே வேறை மருந்து துவங்கியிருப்பம். மூண்டு நாள் வீணாப் போச்சு. நோயாளியிட்ட உண்மையை எடுக்கத் தெரியாட்டி நீர் என்ன படிச்சு என்ன?"

பஸ்லா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை. நான் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் செய்த எல்லாவற்றிலும் அந்த ஒரு நிமிடம்தான் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அறியாமல் செய்ததற்குச் சாட்டுச் சொல்லலாம். அறிந்துகொண்டு வாய் மூடி இருந்ததற்கு என்ன சாட்டு?

பிறகு டொக்டர் என்னிடம் பக்குவமாகச் சொன்னார். கிருமி விரல் எலும்புக்குள் இறங்கிவிட்டது. புது மருந்து ஏற்றுவார்கள், ஆனால் விரலில் பாதியை எடுக்காவிட்டால் கைக்கே ஆபத்து. "சீனியும் ஒரு காரணம்தான் அம்மா" என்றார். தலையாட்டினேன். ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். இடது கைப் பெருவிரலை மையில் அமத்தி வைத்தேன்.

பின்னேரம் ஜெனிற்றா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பஸ்லா மத்தியானம் சாப்பிடேல்லைப் பெரியம்மா. நானும் அவளும் முதல் வருசத்தில இருந்து ஒரே மேசையில இருந்து படிக்கிறனாங்கள்."

நான் சன்னல் பக்கம் திரும்பினேன்.

"ரிக்கற்றைப் பாத்த உடனை நான் சொல்லியிருக்க வேணும். பயந்துபோனன். முதல் பிழையும் என்ரைதான். ஒருக்கா மட்டும் வாங்குங்கோ, ஐஞ்சு நாளும் போடுங்கோ எண்டு அந்தத் துண்டில எழுதியிருந்தால் இப்பிடி வந்திருக்குமே? எழுதினமாதிரி ஒரு ஞாபகம். ஆனால் திரேசா மாமியின்ரை கையில பாத்தனான், பெயர் மட்டும்தான் கிடந்தது. இரண்டு வருசமாப் படிச்சதை ஒரு வரி எழுதாமல் விட்டிட்டன்."

"அழாதை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"நான் போய்ச் சேரிட்டைச் சொல்லட்டே?"

"நீ சொல்லாதை. போட்டது நான். நான் சொல்லுறன்."

அடுத்த நாள் காலை அவர்கள் எல்லாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, என் இடது கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் வெளியே போகக் கேட்கிற பிள்ளை மாதிரி. எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னம்மா?" என்றார் டொக்டர்.

"இந்தப் பிள்ளை வடிவாக் கேட்டவ ஐயா. நான்தான் பொய் சொன்னனான். குளிசை போட்டனான். மூண்டு தரம். இரண்டு இரண்டு நாள்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. டொக்டர் கிட்ட வந்து குனிந்தார், திரும்பவும் சொன்னேன்.

"ஆர் தந்தது?"

"கடையில வாங்கினனான்" என்றேன். அது அரை உண்மை. அன்றைக்கு அவ்வளவுதான் ஏலுமாக இருந்தது.

அவர் ஏசவில்லை. மாணவர்களைப் பார்த்து, "இந்த வருசத்தில டொக்டரிட்டைக் காட்டாமல் அன்ரிபயோற்றிக் போட்டவை ஆர்? கையைத் தூக்குங்கோ" என்றார்.

எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நேற்று நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு பஸ்லா கையைத் தூக்கினாள்.

"மூக்கு ஒழுகின தடிமனுக்கு, சேர். ரெண்டு நாள் குடிச்சிட்டு நிப்பாட்டினேன். மிச்சம் ஹொஸ்டல்ல, மேசை லாச்சியில இருக்கு."

"தடிமனுக்கு அது வேலை செய்யுமோ?"

"செய்யாது சேர். தடிமன் வைரசால வாறது. அன்ரிபயோற்றிக் பக்றீரியாவுக்குத்தான்."

"இதைப் பரீட்சையில கேட்டதோ?"

"கேட்டது சேர்."

"எத்தினை மார்க்ஸ்?"

"முழுக்க, சேர்."

ஒரு பொடியன் சிரித்துவிட்டான். "சிரிக்கிறவர் கையைத் தூக்கும்" என்றார் டொக்டர். அவனும் தூக்கினான். பிறகு இன்னும் நாலைந்து கை. டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவை நீங்களே இப்பிடியெண்டால் இந்த அம்மாவை நான் என்னெண்டு ஏசிறது?" என்றார். பஸ்லாவிடம் மன்னிப்பென்று ஒன்றும் கேட்கவில்லை. ரிக்கற்றை எடுத்து அவளிடம் நீட்டி, "திருத்தி எழுதும்" என்றார். அவள் என் பக்கத்தில் நின்று எழுதினாள். எழுதி முடித்து என் கட்டுப் போட்ட கையின் மேல் தன் கையை வைத்தாள், ஒரு நொடி.

ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்பு அவளிடம் கேட்டேன், சுகம் வந்த பிறகும் ஏன் மருந்து போடவேண்டும் என்று. "சுகம் வந்ததுன்னா கிருமி எல்லாம் செத்திட்டுதுன்னு இல்லம்மா" என்றாள். "மெலிஞ்ச கிருமி முதல்ல சாகும். தடிச்சது மிஞ்சும். எத்தனை நாளைக்குத் தந்தாங்களோ அத்தனை நாளும் குடிச்சாத்தான் அதுவும் அடங்கும். தேவையில்லாத வருத்தத்துக்குக் குடிச்சாலும் அந்த மருந்தை அதுகளுக்குப் பழக்கிவிடுறதுதான். அதுகள் பெருகும், மற்றாளுக்கும் தொத்தும். அவங்க அந்த மருந்தை வாழ்க்கையில தொடாதவங்களா இருக்கலாம். அவங்களுக்கும் அது வேலை செய்யாது." பத்தில் எட்டுச் செத்தாலே எனக்குச் சுகம்தான். மிச்சம் இரண்டும் யார் வீட்டுக்குப் போயின என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விரலில் பாதியை எடுத்தார்கள். புது மருந்து இரண்டு கிழமைக்கு மேல் ஏற்றினார்கள். கை வற்றியது. ஜெனிற்றா தானாகவே பெரிய டொக்டரிடம் போய்த் துண்டு எழுதினது தான் என்று சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று அவள் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. படிப்பு நிற்கவில்லை, அது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பின் முதல் வேலையாகத் துண்டைத் தேடினோம். ஜெனிற்றாவும் நானும் வீடு வீடாகப் போனோம். என் வாழ்நாளில் நான் அத்தனை படலையைத் தட்டினதில்லை. துண்டு மூலை வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. உடனே எடுத்துத் தந்தாள்.

"கொண்டுபோங்கோ பெரியம்மா. நான் போனில படம் எடுத்து வைச்சிருக்கிறன். ஒழுங்கைக் குறூப்பிலயும் போட்டிருக்கு. திரேசா மாமி கனடாவில மகளுக்கும் அனுப்பினவ."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். "ஜெனிற்றாப் பிள்ளையின்ரை எழுத்தெண்டபடியால்தானே நம்பினனாங்கள்" என்றும் சொன்னாள். ஜெனிற்றாவின் முகம் செத்துப்போனது.

என் வீட்டு வாசலில் நின்று, "ஒரு வரி பெரியம்மா. ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ச் செபப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அதன் கடைசி மட்டைக்குள் இருந்த சின்னக் கடதாசிக் கீலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"ஒருமுறை மட்டும் வாங்கவும். ஐந்து நாளும் முடிக்கவும். பிறகு டொக்டரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்."

அவளுடைய எழுத்துத்தான். அவள் எழுதியிருந்தாள். நான் இரண்டாம் தரம் வாங்கப் போனபோது கடைக்காரர் அந்த வரியை வாசித்துவிட்டுத் தரமாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து, மீன் செதில் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து, அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்தேன். அடுத்த நாள் வேறு கடைக்குப் போனேன். வெட்டினதை எறிய மனம் வரவில்லை, பிள்ளையின் எழுத்தல்லவா. ஆஸ்பத்திரியில் என் வாயைக் கட்டினது ஜெனிற்றாவுக்காகப் பட்ட பயம் மட்டும் இல்லை. அந்தக் கத்தரிக்கோலும்தான்.

அவள் கீலத்தைக் கனநேரம் பார்த்தாள்.

"நான் எழுதினனான்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"வாட்டில நான் அழேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

பரவாயில்லைப் பெரியம்மா என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது சரி. பேனாவை எடுத்து, துண்டில் இருந்த மருந்தின் பெயரை ஒருவராலும் வாசிக்க முடியாதபடி கறுப்பாக அடித்தாள். என் மேசையில் துண்டை வைத்து அதற்குக் கீழே கீலத்தைப் பொருத்தினாள். வெட்டு கொஞ்சம் கோணல். இரண்டும் அப்படியே பொருந்தின. வெட்டின இடம் தெரியப் போனில் படம் எடுத்தாள்.

"டொக்டராக முன்னம் எழுதினது என்ரை பிழை. அதையும் எழுதித்தான் போடப்போறன். வெட்டினது உங்கடை. குறூப்பில அனுப்பட்டோ?"

முழு ஒழுங்கையும் பார்க்கும். கனடாவும் பார்க்கும்.

"அனுப்பு" என்றேன்.

அவள் அனுப்பினாள். அடுத்த வீட்டில் திரேசா மச்சாளின் போன் மணி அடித்தது எங்களுக்குக் கேட்டது. கொஞ்சத்தில் அவளிடமிருந்து எழுத்து வந்தது. ஜெனிற்றா வாசித்துக் காட்டினாள். "இதை ஆர் வெட்டினது?"

ஜெனிற்றா பதில் எழுதவில்லை. போனை என் பக்கம் திருப்பி நீட்டினாள். நான் போனில் எழுதிப் பழகாதவள். எந்த எழுத்து எங்கே என்று அவள் காட்டினாள். சுட்டுவிரல் பாதியான கையின் நடுவிரலால் ஒவ்வொன்றாக அமத்தினேன்.

நான்.